இசையும் கனவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிற இடத்தில் ராகம், தாளம் பற்றித்தான் சந்தேகம் வரும் என்று நினைத்திருந்தேன். வருவதெல்லாம் இந்த மாதிரிக் கேள்விகள்தான். வகுப்பு முடிந்து செருப்பு மாட்டும்போது பெற்றோர் கேட்பார்கள். மாணவர்கள் ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, தூக்கத்தைப் பற்றிய ஆய்வுகளை ஆர்வத்தில் படிக்கிறவள். மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம் எது என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

1. கனவுல பாட்டெல்லாம் கேட்குமா டீச்சர்? எனக்கு வெறும் காட்சிதான் வருது.

கேட்கும். கனவில் காட்சிக்குத்தான் முதலிடம். அடுத்தபடி பேச்சுச் சத்தம். பாட்டும் வாத்தியமும் அதற்கும் பின்னால்தான் வருகின்றன. இன்னொன்று, கனவை நாம் நினைவில் வைத்துக்கொள்வது கதையாகத்தான். "கல்யாண வீடு, சாப்பாடு தீர்ந்துபோச்சு, நான் அழுதேன்" என்று சொல்வோம். பின்னால் மேளம் வாசித்ததா என்று யாராவது கேட்டால்தான் "ஆமாம், வாசிச்சுது" என்று ஞாபகம் வரும்.

கதை மாதிரி நீளமாக ஓடுகிற கனவுகள் பெரும்பாலும் ரெம் உறக்கத்தில் வருபவை. மூடிய இமைக்குள் விழிகள் படபடவென்று அசையும் கட்டம் அது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியல் கிளைட்மனும் 1953-ல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை இந்தக் கட்டம் வரும். விடியலை நெருங்க நெருங்க அதன் நீளம் கூடும். விடியற்காலைக் கனவு நினைவில் நிற்பதற்கு அதுதான் காரணம். பலிக்குமா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

2. சங்கீதம் கத்துக்கிட்டவங்களுக்குத்தான் இசைக்கனவு வருமா?

எல்லாருக்கும் வரும், கற்றவர்களுக்கு அதிகம் வரும். இத்தாலிய ஆய்வாளர்கள் 35 தொழில்முறை இசைக்கலைஞர்களையும் இசை கற்காத 30 பேரையும் 30 நாள் தொடர்ந்து காலையில் கனவைக் குறித்து வைக்கச் சொன்னார்கள். 2006-ல் வெளியான முடிவின்படி, கலைஞர்களுக்கு இசை வரும் கனவுகள் மற்றவர்களைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

எனக்கு இதில் பிடித்த தகவல் வேறு. ஒருவர் தினம் எத்தனை மணி நேரம் சாதகம் செய்கிறார் என்பதற்கும் இசைக்கனவின் எண்ணிக்கைக்கும் தொடர்பு இல்லை. எந்த வயதில் கற்க ஆரம்பித்தார் என்பதற்குத் தொடர்பு இருந்தது. சின்ன வயதில் ஆரம்பித்தவர்களுக்கு அதிகக் கனவு. மொழி மாதிரி சீக்கிரம் உள்ளே போனது ஆழத்தில் தங்கிவிடுகிறது போலிருக்கிறது. ஐந்து வயதுக் குழந்தையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு "இவளுக்கு ஒண்ணும் புரியலையே" என்று வருத்தப்படும் அம்மாக்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

3. ராத்திரி எந்தப் பாட்டைக் கேட்டுட்டுப் படுக்கறேனோ அதுதான் கனவுல வருமா?

அப்படியே வருவது அபூர்வம். பகலில் நடந்தவற்றின் துண்டு துணுக்குகள் அன்றைய கனவில் கலப்பது உண்மை. ஐந்து முதல் ஏழு நாள் கழித்து அதே துணுக்குகள் மறுபடி தலைகாட்டுவதையும் கனவு ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். ஆனால் அவை உருமாறித்தான் வரும். படுக்கும்போது கேட்ட பாட்டின் மெட்டு வராமல், அந்தப் பாட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஆளோ வீடோ கனவில் வரலாம். இசையிலிருந்து கனவுக்குப் போவது பெரும்பாலும் உணர்ச்சிதான், காட்சியெல்லாம் நம் சொந்தச் சரக்கு.

தூங்கும்போதே வெளியில் ஒலிக்கும் பாட்டு வேறு கதை. காதுக்கு இமை கிடையாது. தூக்கத்திலும் சத்தம் மூளைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். மார்கழியில் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை ஆரம்பிக்கிறது. நீங்கள் எழுந்திருக்கவில்லை. கனவில் நீங்கள் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், கண்காணிப்பாளர் திடீரென்று பாட ஆரம்பிக்கிறார், அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. வெளிச்சத்தத்தைத் தூக்கம் கலையாமல் கதைக்குள் இழுத்துக்கொள்ளும் வேலை இது. அலாரத்துக்குப் பிடித்த பாட்டை வைக்காதீர்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான். பாதி நாள் அது கனவுக்குள் போய்விடும், நீங்கள் எட்டு மணிக்கு எழுந்திருப்பீர்கள். மீதி நாளில் அந்தப் பாட்டையே வெறுத்துவிடுவீர்கள்.

4. நடு ராத்திரி முழிச்சா ஒரே வரி மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. இது கனவா, வேற ஏதாவதா?

கனவு இல்லை. பகலில் ஒட்டிக்கொண்ட பாட்டு தூக்கத்திலும் விடாமல் ஓடுவது. அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் குழுவினர் இதைச் சோதித்து 2021-ல் எழுதினார்கள். ஆய்வகத்தில் 50 பேரைத் தூங்க வைத்து, படுக்கும் முன் பிரபலமான பாட்டுகளைக் கேட்க வைத்தார்கள். சிலருக்கு வரிகளோடு, சிலருக்கு வெறும் வாத்திய இசையாக.

வரியில்லாத வாத்திய இசைதான் அமைதியானது என்றுதானே நினைப்போம்? முடிவு தலைகீழ். தெரிந்த பாட்டை வரியில்லாமல் கேட்டவர்களுக்குத்தான் அது மண்டையில் அதிகம் ஒட்டிக்கொண்டது. அப்படி ஒட்டியவர்களுக்குத் தூக்கம் வரவும் நேரமானது, இடையில் விழிப்பும் அதிகம். விட்டுப்போன வரிகளை மூளையே நிரப்பப் பார்க்கிறது என்பது என் ஊகம். ஆகவே பழைய சினிமாப் பாட்டைப் புல்லாங்குழலில் வாசித்த ஆல்பத்தை "தூக்கத்துக்கு நல்லது" என்று போட்டுக்கொள்கிறவர்கள் ஒருமுறை யோசிக்கலாம்.

5. அதை எப்படி நிறுத்தறது?

அடக்க முயன்றால் இன்னும் ஒட்டும். அந்தப் பாட்டை ஒருமுறை முழுதாக, சரணம் வரை பாடி முடித்துவிடுவது பலருக்கு உதவுகிறது. பாதியில் நிற்பதுதான் சுற்றிச் சுற்றி வரும். சூயிங்கம் மெல்வதும் ஓரளவு உதவும் என்று இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வு 2015-ல் சொன்னது. மனதுக்குள் பாடும்போதும் வாய், நாக்கு அசைவுக்கான ஏற்பாடுகளை மூளை பயன்படுத்துகிறது. வாய் வேறு வேலையில் இருந்தால் பாட்டு தடுமாறுகிறது. நடு ராத்திரியில் சூயிங்கம் எல்லாம் வேண்டாம். ரொம்பச் சுலபமும் இல்லாத, ரொம்பக் கடினமும் இல்லாத கணக்கை மனதில் போடுங்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டு வந்தாலே போதும்.

6. நீலாம்பரி கேட்டா தூக்கம் வரும்னு சொல்றாங்களே, நிஜமா?

நீலாம்பரி தாலாட்டுக்குப் பேர்போன ராகம். அதை நிதானமாக, இழுத்து, சின்னக் குரலில் பாடுவதுதான் மரபு. அந்த நிதானத்துக்குத் தூக்கம் வரும். ராகத்தின் பெயருக்கென்று தனி மந்திரம் இருப்பதாக நான் நம்பவில்லை. பாட்டி தொட்டிலை ஆட்டிக்கொண்டே என்ன ராகம் என்று தெரியாமல் பாடும் ஆராரோவுக்கும் குழந்தை தூங்கத்தானே செய்கிறது.

பொதுவாக இசை தூக்கத்துக்கு உதவுமா என்றால், ஆமாம் என்று சொல்ல ஆதாரம் உண்டு. தூக்கமின்மையால் அவதிப்படும் பெரியவர்களிடம் நடந்த 13 சோதனைகளை, மொத்தம் ஆயிரம் பேருக்குச் சற்று மேல், சேர்த்துப் பார்த்த மதிப்பாய்வு ஒன்று 2022-ல் வந்தது; மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்டது. இசை கேட்டவர்கள் தங்கள் தூக்கத்தின் தரம் மேம்பட்டதாகச் சொன்னார்கள். நான் சொல்லும் யோசனை: அதிகம் தெரியாத, வேகம் மாறாத இசை, சத்தம் குறைவாக, அரை மணியில் தானே நிற்கும்படி டைமர். தெரிந்த பாட்டு ஏன் வேண்டாம் என்பதற்கு நான்காம் கேள்வியைப் பாருங்கள். இயர்போனைக் காதில் வைத்துக்கொண்டே தூங்க வேண்டாம்.

7. யூடியூப்ல "432 ஹெர்ட்ஸ், இனிய கனவு வர" அப்படின்னு எட்டு மணி நேர வீடியோ இருக்கே மேடம்?

இருக்கிறது. கீழே ஆயிரக்கணக்கில் நன்றி சொல்லும் கருத்துகளும் இருக்கும். மேற்கத்திய இசையில் "ஏ" சுரத்தை 440 ஹெர்ட்ஸில் வைப்பது ஓர் ஒப்பந்தம், அவ்வளவுதான். அதை 432-க்கு இறக்கினால் பிரபஞ்சத்தோடு ஒத்துப்போகும் என்பதெல்லாம் கதை. நம் கச்சேரியில் அப்படி நிலையான சுருதியே கிடையாது. ஒருவர் ஒன்றரைக் கட்டையில் பாடுவார், அடுத்தவர் ஐந்தரைக் கட்டையில் பாடுவார். அவரவர் குரலுக்கு எது பொருந்துகிறதோ அதுதான் ஸட்ஜம். சுருதி எண்ணில் மாயம் இருந்தால் நம் ஊரில் பாதி வித்வான்களுக்கு நல்ல கனவே வந்திருக்காது.

"பைனாரல்" என்று போட்டிருந்தால் அது வேறு. ஒரு காதில் 200 ஹெர்ட்ஸ், மறு காதில் 206 ஹெர்ட்ஸ் கொடுத்தால், நொடிக்கு ஆறு முறை அதிர்வதுபோல் மூளை உணரும். 19ஆம் நூற்றாண்டிலேயே ஹைன்ரிக் டோவ என்ற இயற்பியலாளர் கண்டறிந்த விஷயம் இது. உணர்வது நிஜம். அதனால் இன்ன கனவு வரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. அதிலும் இரு காதுக்கும் தனித்தனியாகப் போக ஹெட்போன் வேண்டும்; தலைமாட்டில் போனை வைத்து ஸ்பீக்கரில் கேட்டால் அந்த ஏற்பாடே நடக்காது.

8. கனவுல ஒரு மெட்டு கேட்டேன். புதுசா இருந்துச்சு. அது என் சொந்த மெட்டா, எங்கேயோ கேட்டதா?

இரண்டும் நடக்கும். இரண்டாம் கேள்வியில் சொன்ன இத்தாலிய ஆய்வில், கனவில் கேட்டதாக நினைவிருந்த இசையில் ஏறத்தாழ பாதி வழக்கமான, தெரிந்த இசையாக இல்லை. ஆகவே தூக்கத்தில் மூளை புதிதாக இசையமைக்கிறது என்று நம்பக் காரணம் இருக்கிறது.

இந்தச் சந்தேகம் பீட்டில்ஸ் இசைக்குழுவின் பால் மெக்கார்ட்னிக்கே வந்தது. லண்டன் விம்போல் தெருவில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோது முழு மெட்டும் கனவில் வந்து, எழுந்ததும் பக்கத்தில் இருந்த பியானோவில் வாசித்துப் பார்த்தார். இவ்வளவு சுலபமாக வந்ததால் எங்கோ கேட்டதைத்தான் எடுத்துவிட்டோம் என்று பயந்து, ஒரு மாதம் போல இசை உலகத்தில் பார்ப்பவர்களிடமெல்லாம் "இதைக் கேட்டிருக்கிறீர்களா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் உரிமை கொண்டாடவில்லை. வரி கிடைக்கும்வரை முட்டைப் பொரியலைப் பற்றிய வார்த்தைகளைப் போட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். 1965-ல் வெளிவந்த "யெஸ்டர்டே" அது. நீங்களும் அதையே செய்யுங்கள்: நாலு பேரிடம் பாடிக் காட்டுங்கள்.

பிடித்து வைக்கும் வழியும் அதே ஆண்டிலிருந்து கிடைக்கிறது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் படுக்கைப் பக்கத்தில் கேசட் ரெக்கார்டர் வைத்திருந்தார். காலையில் பார்த்தால் டேப் முடிவு வரை ஓடியிருந்தது. ஓட்டிக் கேட்டால் "சாட்டிஸ்ஃபாக்ஷன்" பாட்டின் அந்தப் புகழ்பெற்ற கிட்டார் துண்டு கொஞ்சம், மீதி முழுக்கக் குறட்டை. இன்று எல்லார் தலைமாட்டிலும் போன் இருக்கிறது. எழுந்ததும் விளக்கைப் போடாதீர்கள், மெசேஜ் பார்க்காதீர்கள், வாய்ஸ் ரெக்கார்டரைத் தட்டி வெறும் "ல ல லா"வாவது முனகிவிடுங்கள். பல் தேய்த்துவிட்டு வந்தால் போய்விட்டிருக்கும்.

பிடிக்க வேண்டாம் என்று முடிவு செய்தவரும் உண்டு. பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதுகிறார்: ஒரு சிம்பொனி கனவில் வந்தது, எழுந்தபோது முதல் பகுதி ஏறக்குறைய முழுசாக நினைவிருந்தது. மேசைக்குப் போனவர் யோசித்தார். எழுத ஆரம்பித்தால் முழுசும் எழுதத் தோன்றும், மாதக்கணக்கில் வேறு சம்பாத்தியம் இருக்காது, பிரதி எடுக்கச் செலவு, கச்சேரிக்குச் செலவு. மனைவியோ நோயில் படுத்திருக்கிறார். எழுதவில்லை. மறுநாள் இரவும் வந்தது. அப்போதும் எழுதவில்லை. அடுத்த நாள் மறந்துவிட்டது. இசைக்கனவுக் கதைகளில் என்னை ரொம்பத் தொந்தரவு செய்வது இதுதான்.

9. கனவுல தேவகானம் மாதிரி இருந்துச்சு, ரெக்கார்ட் பண்ணினதைக் கேட்டா சுமாரா இருக்கு. ஏன் மிஸ்?

இத்தாலிய வயலின் கலைஞர் தார்த்தினி சொன்ன புகாரே இதுதான். 1713-ல் ஒரு நாள் கனவில் சாத்தான் வந்து வயலினை வாங்கி வாசித்ததாம், மூச்சே நின்றுவிட்டதாம். எழுந்து எழுதிப் பார்த்ததுதான் "சாத்தானின் ட்ரில்" எனப்படும் சொனாட்டா. தான் எழுதியதில் சிறந்தது அது, ஆனாலும் கனவில் கேட்டதன் கிட்டேகூட வராது என்று அவர் சொன்னதாக லலாந்த் என்ற வானியலாளர் 1769-ல் வெளியான பயணநூலில் பதிவு செய்திருக்கிறார். அந்த சொனாட்டா 1740-களில்தான் எழுதப்பட்டிருக்கும் என்று பாணியை வைத்துச் சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

ரெம் உறக்கத்தில் உணர்ச்சிக்கான பகுதிகள் சுறுசுறுப்பாக இருக்கும், எடைபோட்டுப் பார்க்கும் முன்மூளைப் பகுதிகள் அடங்கியிருக்கும். அதனால் மெய்சிலிர்ப்பு முழுசாக வந்துவிடும், அதற்கேற்ற சங்கீதம் அங்கே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சுமாரான மெட்டுக்கும் அழுகை வந்துவிடும். மறுநாள் போனில் கேட்பது மெட்டை மட்டும்தான். இருந்தாலும் ரெக்கார்டிங்கை அழிக்க வேண்டாம். ஒரு நல்ல திருப்பம் அதில் ஒளிந்திருக்கலாம்.

10. நம்ம ஊர்ல இந்த மாதிரி யாரும் சொன்னதில்லையா? எல்லாம் வெள்ளைக்காரங்க கதையாவே இருக்கே.

ஆண்டாளை மறந்துவிட்டீர்களே. நாச்சியார் திருமொழியில் கல்யாணக் கனவைத் தோழியிடம் சொல்லும் பதிகம், இன்றும் வைணவர் வீட்டுத் திருமணங்களில் ஓதப்படுகிறது. பந்தல், தோரணம், பட்டு என்று கண்ணுக்கு எல்லாம் வருகிறது. கூடவே "மத்தளம் கொட்ட வரிசங்கம் நின்றூத" என்று காதுக்கும் வருகிறது. கைத்தலம் பற்றும் நேரத்தில்தான் மத்தளமும் சங்கும் ஒலிக்கின்றன என்பதைக் கவனியுங்கள். நெஞ்சு பொங்கும் இடத்தில் கனவுக்குள் சத்தம் கூடுகிறது.

தியாகராஜர் விஷயம் வேறு மாதிரி. பத்து நாளில் தன்னை அழைத்துக்கொள்வதாக ராமர் கனவில் சொன்னார் என்றும், அதையே சஹானா ராகத்தில் "கிரிபை நெலகொன்ன" என்று பாடினார் என்றும் மரபு. 1847 ஜனவரி 6-ல் திருவையாற்றில் சித்தியடைந்தார். இங்கே கனவு கொடுத்தது செய்தியை. சங்கீதம் விழித்தபின் வந்தது. மெக்கார்ட்னிக்கு நடந்ததற்கு நேர் எதிர்.

11. பாட்டு போட்டா மனசு எங்கேயோ போயிடுது. கடைசியில எந்தப் பாட்டு ஓடினதுன்னே தெரியல. எனக்குக் கவனம் கம்மியா?

இல்லை. பாட்டே இல்லாவிட்டாலும் மனசு அலைந்துகொண்டுதான் இருக்கும். ஹார்வர்டில் கில்லிங்ஸ்வொர்த்தும் கில்பர்ட்டும் 2,250 பேரைப் போன் வழியாக நேரம் காலம் இல்லாமல் "இப்போது என்ன நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்" என்று கேட்டு 2010-ல் வெளியிட்டார்கள். விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ 47 சதவீதம் மனசு செய்யும் வேலையில் இல்லை. வெளியே வேலை இல்லாதபோது உள்ளுக்குள் சுறுசுறுப்பாகும் ஒரு வலைப்பின்னல் மூளையில் உண்டு; பழைய ஞாபகம், நாளைய யோசனை, தன்னைப் பற்றிய நினைப்பு எல்லாம் அதன் வேலை.

இசை அந்த வலைப்பின்னலைத் தொடுகிறது, எல்லா இசையும் ஒரே அளவில் அல்ல. 2017-ல் ஜெர்மனியில் லியிலா தாருஃபி குழுவினர் சோக இசையையும் மகிழ்ச்சியான இசையையும் ஒப்பிட்டார்கள். சோக இசை கேட்கும்போது மனசு அதிகம் அலைந்தது, அந்த வலைப்பின்னலும் அதிகம் இயங்கியது. குத்துப்பாட்டுக்குக் கால் ஆடும், கவனம் வெளியிலேயே இருக்கும். மெல்லிய சோகத்துக்குக் கவனம் உள்ளே திரும்பும். மழை நாளில் பஸ் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தவர் எந்தப் பாட்டைத் தேடுவார் என்று பார்த்தாலே தெரியும்.

12. ஒரே இசையைக் கேட்டா எல்லாருக்கும் ஒரே காட்சிதான் மனசுல ஓடுமா?

ஒரே ஊர்க்காரர்களுக்கு ஆச்சரியப்படும் அளவுக்கு ஒத்துப்போகும். எலிசபெத் மார்குலிஸ் குழுவினர் வரியில்லாத இசைத் துண்டுகளைக் கேட்க வைத்து, மனதில் தோன்றிய கதையை எழுதச் சொன்னார்கள். அமெரிக்காவில் ஆர்கன்சா, மிச்சிகன் என்று இரண்டு மாநிலத்தவர் எழுதியவை ஒன்றுபோல இருந்தன. சீனாவின் குய்சோ மாகாணத்தில் டிமன் என்ற கிராமத்தவர்களுக்குத் தங்களுக்குள் ஒற்றுமை இருந்தது; அமெரிக்கர்களின் கதையோடு அது ஒட்டவில்லை. 2022-ல் வந்த ஆய்வு இது.

ஷெனாயை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே அது கல்யாண வாத்தியம், நமக்கு நாகஸ்வரம் மாதிரி. தமிழ் சினிமா அதைச் சாவுக்கும் பிரிவுக்கும் பயன்படுத்திப் பயன்படுத்தி, ஷெனாய் இழுத்தாலே மாலை போட்ட போட்டோ நம் கண்ணில் வந்து நிற்கிறது. வகுப்பில் கண்ணை மூடச் சொல்லி ஷெனாய் பதிவு ஒன்றைப் போட்டேன். ஒரு பெண் "யாரோ செத்துட்டாங்க மிஸ்" என்றாள், மற்றவர்கள் தலையாட்டினார்கள். வங்கி வேலை மாற்றலில் லக்னோவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் மட்டும் "ஷாதி" என்றான். பகற்கனவு தனிப்பட்டது என்று நாம் நினைத்தாலும், அதில் ஓடும் காட்சிகளில் பாதியை யாரோ நமக்கு முன்கூட்டியே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

13. பொண்ணு பாட்டு கேட்டுட்டே படிக்கறா. விடலாமா?

கணக்கு போடும்போதோ படம் வரையும்போதோ பரவாயில்லை. வாசித்து மனதில் ஏற்ற வேண்டிய பாடத்துக்குப் புரியும் மொழியில் வரிகளோடு பாட்டு வேண்டாம். இரண்டு வார்த்தை ஓட்டமும் ஒரே இடத்துக்கு மோதும். மெல்லிய சோகப் பாட்டு வேண்டவே வேண்டாம், காரணம் பதினொன்றாம் கேள்வியில் இருக்கிறது.

14. எனக்கு மனசுக்குள்ள பாட்டே கேட்காது. எல்லாரும் கேட்குதுன்னு சொல்றதே எனக்குப் புரியல. ஏதாவது குறையா?

குறை இல்லை. மனக்கண்ணில் படம் வராதவர்கள் இருப்பதுபோல மனக்காதில் சத்தம் வராதவர்களும் உண்டு. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் இந்த நிலைக்கு அனாரேலியா என்று பெயர் வைத்தார்கள். இசையை ரசிக்க இது தடை இல்லை. பாடக் கற்கும்போது மட்டும் அடுத்த சுரத்தை மனதில் கேட்டுவிட்டுப் பாடும் வழி கிடைக்காது. தம்பூராவையோ கீபோர்டையோ அதிகம் நம்ப வேண்டும்.

15. மகன் ஹெட்போன் போட்டுக்கிட்டு மொட்டை மாடியில மணிக்கணக்கா நடக்கறான், தானா சிரிக்கறான். கேட்டா "சும்மா"ங்கறான். பயமா இருக்கு அக்கா.

பயப்படுவதற்கு முன் ஒன்று: பாட்டைப் போட்டுக்கொண்டு தன்னைக் கதாநாயகனாக நினைத்து நடப்பது அந்த வயதில் சகஜம். நம் சினிமாவே நமக்குக் கற்றுக்கொடுத்தது அது. நாயகி ஒரு பார்வை பார்த்தாள் என்றால் அடுத்த ஷாட்டில் பனிமலை, இருபது பேர் பின்னால் ஆடுகிறார்கள். பையன் மாடியில் செய்வது அதன் செலவில்லாத வடிவம்.

அளவு மீறினால் கவனிக்க வேண்டும். ஹைஃபா பல்கலைக்கழக உளவியலாளர் எலி சோமர், வாழ்க்கையையே விழுங்கிவிடும் பகற்கனவுப் பழக்கத்தைப் பற்றி 2002-ல் எழுதினார். அதில் சிக்கியவர்களுக்கு இசை பெரிய தூண்டுகோல். கூடவே முன்னும் பின்னும் நடப்பது போன்ற திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகள். கனவில் இருப்பது கனவு என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும், நிஜத்தோடு குழப்பிக்கொள்ள மாட்டார்கள். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம் கையேட்டில் இது இன்னும் தனி நோயாகச் சேர்க்கப்படவில்லை.

ஹெட்போனைப் பிடுங்காதீர்கள். சாப்பாடு, தூக்கம், படிப்பு, நண்பர்கள் இதில் எது கெடுகிறது என்று பாருங்கள். எதுவும் கெடவில்லை என்றால் விடுங்கள். நிறுத்த நினைத்தும் முடியவில்லை என்று அவனே சொன்னாலோ, யாரோ தன்னிடம் பேசுவதாக நம்ப ஆரம்பித்தாலோ, மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரண்டாவது நடந்தால் தள்ளிப்போடவே கூடாது.

16. மாமியாருக்கு முழிச்சிருக்கும்போதே நாகஸ்வரம் கேட்குதாம். பக்கத்து மண்டபத்துல கல்யாணம்னு சண்டை போடறாங்க. வயசாயிட்டதால கனவும் நிஜமும் குழம்புதா?

காது மந்தமாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேட்கும் திறன் குறைந்த முதியவர்களில் சிலருக்கு இப்படி நடக்கும். வெளியிலிருந்து சத்தம் வராதபோது கேட்டுப் பழகிய மூளை தானே இசையை உண்டாக்கிக்கொள்கிறது. பெரும்பாலும் இளமையில் கேட்ட பாட்டு, பக்திப்பாட்டு, கல்யாண மேளம். மனதுக்குள் ஓடுவதுபோல் இருக்காது, நிஜமாகவே வெளியில் கேட்கும். அதனால்தான் சண்டை. நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் இப்படிப்பட்டவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அவர்களில் பலர் நல்ல புத்தித் தெளிவோடு இருந்தவர்கள்.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் எடுத்துப் போங்கள். காது கருவி வைத்ததும் பலருக்குக் குறைகிறது. அறையில் ரேடியோவோ மின்விசிறியோ ஓடினாலும் கொஞ்சம் அடங்கும். திடீரென்று ஆரம்பித்ததென்றால், பேச்சுக் குழறல், வலிப்பு மாதிரி ஏதாவது சேர்ந்திருந்தால், நரம்பியல் மருத்துவரிடம் உடனே. அதோடு, "உங்களுக்குப் பைத்தியமா" என்று வீட்டில் யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

17. கெட்ட கனவு அடிக்கடி வருது. இசையால அதை மாத்த முடியுமா?

முடியலாம் என்று காட்டிய ஓர் ஆய்வு இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் கெட்ட கனவு நோய் உள்ள 36 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லாரும் வழக்கமான பயிற்சியைச் செய்தார்கள்: கெட்ட கனவின் முடிவை நல்லபடியாக மாற்றி, பகலில் மனதில் ஓட்டிப் பார்ப்பது. பாதிப் பேருக்கு அந்தப் பயிற்சியின்போது ஒரு பியானோ சுரக்கூட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. பிறகு இரண்டு வாரம் இரவில், தூக்கத்தின் கட்டத்தைக் கண்டுபிடிக்கும் பட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு தூங்கினார்கள். ரெம் உறக்கம் வந்ததும் அதே சுரக்கூட்டு மெதுவாக ஒலித்தது. இரு பிரிவினருக்கும் கெட்ட கனவு குறைந்தது, ஒலி கேட்டவர்களுக்கு மேலும் அதிகமாக. மூன்று மாதம் கழித்தும் பலன் இருந்தது. 2022-ல் வெளியானது.

இங்கே வேலை செய்தது பியானோவின் இனிமை இல்லை. பகலில் மனதில் போட்டு வைத்த நல்ல முடிவை இரவில் ஞாபகப்படுத்தும் மணியாகத்தான் அது பயன்பட்டது. வீட்டில் பியானோ வீடியோ போட்டுக்கொண்டு தூங்கினால் இது நடக்காது. முடிவை மாற்றி எழுதிப் பார்க்கும் பயிற்சியை மட்டும் செய்யலாம். விபத்து, வன்முறை போன்றவற்றுக்குப் பின் வரும் கனவென்றால் மருத்துவரோடு சேர்ந்துதான் செய்ய வேண்டும்.

18. அப்போ கீர்த்தனையைப் போட்டுட்டுத் தூங்கினா பாடமாயிடுமா?

ஆகாது. ஆனால் கேள்வி முட்டாள்தனம் இல்லை. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 2012-ல் இதைச் சோதித்தார்கள். இரண்டு மெட்டுகளை வாசிக்கப் பழக்கிவிட்டு, 90 நிமிடம் தூங்க விட்டார்கள். ஆழ்ந்த உறக்கத்தின்போது இரண்டில் ஒன்றை மட்டும் மெல்ல ஒலிக்கவிட்டார்கள். எழுந்து வாசித்தபோது அந்த மெட்டு மற்றதைவிடச் சுத்தமாக வந்தது.

கவனிக்க வேண்டியது, அவர்கள் முதலில் விழித்திருக்கும்போதே உட்கார்ந்து பழகிவிட்டார்கள். பதினேழாம் கேள்விக்கும் இதே கணக்குத்தான். ஆய்வகத்தில் மூளை அலையைப் பார்த்துச் சரியான கட்டத்தில் ஒலிக்கவிடுகிறார்கள். வீட்டில் ராத்திரி முழுக்க ஓடும் ஸ்பீக்கர் தூக்கத்தைக் கெடுப்பதோடு நின்றுவிடும். எனவே அனுபல்லவியில் இடறும் அந்த ஒரு சங்கதியைப் படுக்கப் போவதற்குக் கொஞ்சம் முன்னால் நிதானமாகச் சில முறை பாடுங்கள். போனை அணைத்துவிட்டு நன்றாகத் தூங்குங்கள். காலையில் காபிக்கு முன் ஒருமுறை பாடிப் பாருங்கள். இரவில் வராத பிடி சில நாளில் தானாக விழும். விழாவிட்டால் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.